மருமகள் வாயால் சொல்லாத வார்த்தை

இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தை முழுசாகத் தெரியும். பஸ், லைட், டிக்கெட் என்று எல்லோரும் பேசுகிற வார்த்தைகளைச் சொல்லவில்லை. அவை எப்படியோ வாயில் வந்து ஒட்டிக்கொண்டவை. நான் சொல்வது, இந்த இடத்தில் இப்படி வரும், அந்த இடத்தில் வேறு அர்த்தத்தில் வரும், நேற்று நடந்தது என்றால் அதன் சத்தமே மாறும் என்று தெரிந்து, இடம் பார்த்துச் சொல்கிற வார்த்தை. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம், என் மருமகள் அதைச் சொல்லக் கூடாது என்று ஆனதுதான்.

எழுபதுகள் முடிகிற சமயம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இடது பக்கம் போகிற சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மிஷின். வீட்டுக்காரர் போன பிறகு அந்த மிஷினை வைத்துத்தான் மகனை ஆளாக்கினேன். யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. ஜாக்கெட் தைப்பேன், பாவாடை தைப்பேன். புடவையின் அடியோரத்துக்கு உள்பக்கமாக ஃபால்ஸ் என்கிற பட்டைத் துணி வைக்கிற பழக்கம் எங்கள் ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தது. மிஷினில் அடித்தால் சுருக்கம் தெரியும் என்று நான் கையாலேயே தைப்பேன். டவுனிலிருந்து கூடப் புடவையை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

மருமகள் செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். விவசாயக் குடும்பம். பெண் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்று தரகர் சொன்னார். எல்லாப் பாடத்திலும் பாஸ், இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது என்பதை அவளே பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் தனியாகச் சொன்னாள். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு தரம் எழுதினாள். அதுவும் போயிற்று. அதற்குள் பால்வாடிக்கு டீச்சர் எடுக்கிறார்கள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் இருந்தால் டவுனிலேயே டிரெயினிங் கொடுத்து வேலை தருவார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அவளுக்கு அந்த வேலைமேல் உயிர். தெருப்பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். டவுனில் ஒரு டுட்டோரியலில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருப்பது தெரிந்தது.

என் மகன் லாரி ஆபீசில் வேலை பார்த்தான். கெட்டவன் இல்லை, கணக்காகப் பேசுவான். இதுதான் கடைசித் தடவை, குழந்தை வந்த பிறகு புத்தகத்தைத் தூக்கினால் வீடு நடக்காது என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பரீட்சையை அப்படிப் பிடித்துக்கொண்டாள்.

மாசியில் வளைகாப்பு வந்தது. வளையல் அடுக்கிய பிறகு பெண் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். குழந்தையோடுதான் புருஷன் வீட்டு வாசற்படி மிதிக்கலாம். பங்குனியில் பரீட்சை. கிராமத்திலிருந்து அந்த ரோட்டில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு தினம் டுட்டோரியலுக்கு வர முடியுமா? பரீட்சை போனால் போகிறது என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்கள். மருமகள் கை நிறைய வளையலோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஏழு வகை சாதமும் இலையில் அப்படியே இருந்தது.

எங்கள் சந்தில் எதிர்வீட்டுக்காரர் மாடியில் ஓர் அறை கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். கார்த்திகையில் வருகிறவர்கள் வெயில் ஏற ஏறக் கிளம்பிவிடுவார்கள். பங்குனியில் அறை காலிதான். நான் போய்க் கேட்டேன். அவர் வீட்டுப் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்து வாடகையைக் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. திரும்பி வந்து சம்பந்தியம்மாவிடம், "உங்க பாத்திரம், உங்க அடுப்பு, உங்க சாமி படம். இதெல்லாம் கொண்டாந்து அங்க வெச்சுட்டா அதுதானே அவளுக்குத் தாய்வீடு? பரீட்சை முடிஞ்சதும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சம்மந்தி" என்றேன். அவர்கள் மகள் முகத்தைப் பார்த்தார்கள். மறுநாள் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு வந்து இறங்கினார்கள்.

அவள் என் வீட்டுக்கு வரக் கூடாதே தவிர, நான் அங்கே போகத் தடையில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் தைக்க வேண்டிய புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவேன். அவள் படிப்பாள். அந்தக் காலத்தில் வாய்விட்டுப் படித்தால்தான் படிப்பு. சத்தம் நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

இங்கிலீஷ் பேப்பரில் ஒரு கேள்வி உண்டாம். ஒரு வார்த்தையைக் கொடுத்து, அதை வெவ்வேறு அர்த்தம் வருகிற மாதிரி ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொல்வார்கள். இரண்டு தடவையும் அவள் சறுக்கியது அங்கேதான். ஒரே அர்த்தத்திலேயே ஐந்தையும் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். டுட்டோரியல் வாத்தியார் இந்தத் தடவை வரக்கூடிய வார்த்தைகள் என்று சிலவற்றுக்குப் புத்தகத்தில் நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் நட்சத்திரம் ஃபால் என்கிற வார்த்தைக்கு.

அன்றைக்கு அவள் அதைத்தான் எடுத்தாள். "தி ஓல்ட் மேன் ஃபெல் டவுன்" என்று ராகம் போட்டாள். சம்பந்தியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மகள் படிப்பதில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்பார்கள். கேட்டார்கள். கிழவர் கீழே விழுந்துவிட்டார் என்று அவள் சொன்னாள்.

சம்பந்தியம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"அத நீ சொல்லாத."

"பரீட்சைக்கும்மா."

"எதுக்கா இருந்தாலும். வவுத்துல வெச்சுக்கிட்டு, வெளக்கு முன்னாடி, விழுந்தேன் விழுந்தேன்னு. வேற வார்த்த படி."

"நான் விழுந்தேன்னா சொன்னேன்? தாத்தா விழுந்தாரு."

"யாரும் விழ வேணாம்."

மருமகள் சும்மா விடுகிறவள் இல்லை. இதற்கு வேறு அர்த்தமும் இருக்கிறது, மழை பெய்வதற்கும் இதே வார்த்தைதான், பண்டிகை வருவதற்கும் இதேதான் என்று எடுத்துச் சொன்னாள். காதில் விழுந்தது என்று நீ தினமும் சொல்கிறாயே, அப்போது யார் விழுந்தார்கள் என்று மடக்கினாள். சம்பந்தியம்மா மறுநாளிலிருந்து காதில் விழுந்தது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். "காதுல கேட்டுச்சு" என்றுதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ஒரு நாள்தான்.

அவள் டுட்டோரியலுக்குப் போயிருந்த நேரம். நானும் சம்பந்தியம்மாவும் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தைக்காக அந்தப் பெண் பாஸ் மார்க்கை விட வேண்டுமா என்று நான் மெதுவாகப் பேச்செடுத்தேன். அவர்கள் வடகத்தைப் பார்த்தபடியே சொன்னார்கள். இவள் பிறப்பதற்கு முன்னால் தன் வயிற்றில் ஒன்று இருந்ததாம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் படி இறங்கும்போது அவர்களுடைய மாமியார், பாசி இருக்கிறது, பார்த்து என்று சொல்லியிருக்கிறார். இவர்களுக்குச் சின்ன வயது, துடுக்கு.

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன்னு சொல்லிட்டு எறங்கினேன் சம்மந்தி. சொன்ன வாய் இன்னும் மூடல, கால் போயிடுச்சு. புள்ள தங்கல."

அதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லி விழுந்தவர்கள் அவர்கள். அந்த வாயைத்தான் அவர்கள் இத்தனை வருஷமாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரம் எதிரே இன்னொருத்தி பரீட்சையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பக்கமும் எனக்குத் தெரியும். இரண்டு பேரில் ஒருத்தியை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொருத்தியைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டேன். அவள்தானே சொல்லக் கூடாது, நான் சொல்லலாமா?

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நீங்க சொன்னா இன்னா? உங்களுக்கு இன்னா வவுத்துலயா இருக்குது" என்றார்கள். எழுதுவதற்கும் ஒப்புக்கொண்டார்கள். எழுதுவதில் சத்தம் இல்லையே.

அப்படித்தான் அந்தப் படிப்பு நடந்தது. வாக்கியத்தை அவள் ஆரம்பிப்பாள். அந்த வார்த்தை வரும் இடத்தில் நிறுத்துவாள். நான் சொல்வேன். அவள் முடிப்பாள்.

"ரெயின்" என்பாள் அவள்.

"ஃபால்ஸ்" என்பேன் நான்.

"ஆன் தி ஹில்."

மலைமேல் மழை பெய்கிறது. இது முதல் அர்த்தம். எனக்கு எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று முதலில் பிடிபடவில்லை. ஃபால் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஃபால்ஸ் என்பேன். எனக்குத்தான் அது பழகிய சத்தம். அவள் ஓர் அடையாளம் வைத்தாள். வளையலை ஒரு தரம் குலுக்கினால் ஃபால். இரண்டு தரம் குலுக்கினால் ஃபால்ஸ். கையைப் பின்னால் இழுத்தால், நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது ஃபெல். கொஞ்ச நாளில் வளையல் தேவைப்படவில்லை. ஒருத்தர் என்றால் ஒன்று, பல பேர் என்றால் ஒன்று, நேற்று என்றால் ஒன்று என்று எனக்கே தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே அவள் தப்பாகக் குலுக்குவாள். நான் சரியாகச் சொல்லிவிட்டு, "மாமியாரையே சோதிக்கிறியா" என்பேன். சிரிக்கிற சிரிப்பில் அவளுக்கு வயிறு பிடித்துக்கொள்ளும்.

இந்த வருஷம் கார்த்திகை தீபம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்பது இரண்டாவது. குழந்தை தூங்கிவிட்டது என்பது இன்னொன்று. அதில் என் பங்கு ஃபெல். அரிசி விலை இறங்கவே இறங்காது என்று அவளாக ஒன்று கட்டினாள். அதைச் சொல்லும்போது சம்பந்தியம்மாவே தலையாட்டினார்கள், நியாயமான வாக்கியம் என்று. நோயில் விழுவதற்கும் அதே வார்த்தை புத்தகத்தில் இருந்தது. அதை நானே வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். காதலில் விழுவதற்கும் ஒன்று இருந்தது. சம்பந்தியம்மா அர்த்தம் கேட்டார்கள். ஒருத்தர்மேல் ஒருத்தர் ஆசைப்பட்டுவிட்டார்கள் என்று மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "பரீட்சைல இதெல்லாமா கேக்கறானுங்க" என்று சம்பந்தியம்மா எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மழைக்கும் விலைக்கும் தூக்கத்துக்கும் ஒரே வார்த்தை என்றால், என் கையில் இருக்கிற புடவை ஃபால்ஸ் எந்தக் கணக்கில் வரும்? மருமகளுக்கு அது பிடித்துவிட்டது. ஐந்தாவது வாக்கியமாக அந்தக் கிழவரை எழுதாமல் இதை எழுதிவிடலாமே என்று டுட்டோரியல் வாத்தியாரைக் கேட்டாள். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால், அது நம்ம ஊர் இங்கிலீஷ், புத்தகத்தில் இல்லை, பேப்பர் திருத்துகிறவர் மார்க் போட மாட்டார் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் சுடிதார் தைக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் ஒரு நாள் புடவையை விரித்துக் காட்டி ஃபால்ஸ், ஃபால்ஸ் என்றேன். அந்தம்மாவுக்கும் புரியவில்லை. வானத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். சரி, வாத்தியார் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆக நாலு நல்ல வாக்கியம் வாயால் படித்தாயிற்று. ஐந்தாவதாக அந்தக் கிழவரைப் பரீட்சையில் சத்தமில்லாமல் எழுதிவிடுவது என்று முடிவு.

பரீட்சை அன்று ரிக்‌ஷாவில் அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போனோம். ரிக்‌ஷாக்காரரிடம் சம்பந்தியம்மா வழியெல்லாம் பள்ளம் பார்த்து, பள்ளம் பார்த்து என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்க வேணா இறங்கி ஓட்டுங்கம்மா என்றார். அவள் உள்ளே போனாள். நாங்கள் பள்ளிக்கூட மதில் ஓரம் புங்கமர நிழலில் உட்கார்ந்தோம். வெயில் அப்படி ஒரு வெயில். சம்பந்தியம்மா சாமியாகக் கும்பிடுகிற மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பரீட்சைக்கு வேண்டிக்கொண்டார்களா, பிரசவத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

மணி அடித்து அவள் வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு அத்த. அதேதான்."

"அஞ்சும் எழுதினியா?"

"நாலு கடகடன்னு எழுதிட்டேன். நீங்க பக்கத்துல சொல்ற மாதிரியே இருந்துச்சு. அஞ்சாவதுக்கு அந்தத் தாத்தாவ எழுதலாம்னு பேனாவ வெச்சேன். இது உள்ள ஒதச்சுது. கை போவல."

"எழுத்துக்குச் சத்தம் இல்லன்னு உங்கம்மாவே சொன்னாங்களே."

"எனக்கே எழுதத் தோணல அத்த."

"அப்ப வுட்டுட்டு வந்துட்டியா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மாமியார் புடவைக்கு ஃபால் தைக்கிறாங்கனு எழுதிட்டு வந்தேன்."

அம்மா தடுத்த பிறகு அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சம்பந்தியம்மாவுக்கு அது தெரியவில்லை. அவர்களுக்கு அது புடவைச் சமாசாரம். எனக்கு அப்போது பெருமை ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. மார்க் போட மாட்டார்கள் என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னாரே, கடைசித் தடவை என்று உன் புருஷன் சொல்லியிருக்கிறானே, ஒரு மார்க், இரண்டு மார்க்கில் போனால் என்ன செய்வாய் என்று ரோட்டிலேயே சத்தம் போட்டேன். போனால் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் பயம். கண்ணில் தண்ணீர் நின்றது. என்ன நடந்தது என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். அந்த வாக்கியத்தை உங்கள் மகள் எழுதாமல் வந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர்கள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்கள். கழுத்தைத் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கோபம் போய்விட்டது.

மறுநாளே அவர்கள் ஊருக்குப் போனார்கள். சித்திரை கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. வைகாசியில் ஒரு நாள் மகன் ரிசல்ட் வந்த பேப்பரைச் சுருட்டிக்கொண்டு லாரி ஆபீசிலிருந்து நேராகத் தையல் மிஷினுக்கு எதிரே வந்து நின்றான். அவள் நம்பர் இருக்கிறது என்றான். எனக்கு எங்கே என்று காட்டச் சொன்னேன். எண் எனக்குப் படிக்கத் தெரியும். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அன்று மிஷினை மூடிவிட்டு இரண்டு பேரும் செங்கம் பஸ் ஏறினோம்.

மார்க் பிறகு தெரிந்தது. வேண்டியதற்கு மேலே ஏதோ கொஞ்சம். புடவை வாக்கியத்துக்கு மார்க் விழுந்ததா, அது இல்லாமலே தேறினாளா, அது அந்தத் திருத்தினவருக்குத்தான் வெளிச்சம். நான் மருமகளிடமே கேட்டுப் பார்த்தேன். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்றாள்.

டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டதில் ஆவணியில் வரச் சொன்னார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டா என்று மகன் ஆரம்பித்தான். குழந்தையை வைத்துக்கொள்ளப் போவது நான், உன்னை யார் கேட்டது என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. காலையில் பால் கொடுத்துவிட்டுப் போவாள். மத்தியானத்துக்கு மேல் குழந்தை தாங்காது. புட்டிப்பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடும். நான் தையலைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். அங்கே கேட்டில் இருந்தவர் மணி அடிக்காமல் உள்ளே விட மாட்டார். வெளியே நிற்பேன்.

மணி அடித்ததும் அவள் ஓட்டமும் நடையுமாக வருவாள். ஜாக்கெட் முன்பக்கம் நனைந்திருக்கும். நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்து மறைத்துக்கொண்டு வருவாள். மதிலுக்கும் மரத்துக்கும் நடுவில் உட்காரவைத்து, நான் ஒரு பழைய புடவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்பேன். பின்னால் குழந்தை குடிக்கிற சத்தம் கேட்கும். அன்றைக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டை அவள் மெதுவாக அதற்குப் பாடுவாள். இரண்டாவது மணி அடிக்கும். "அத்த, நேரமாச்சு" என்று குழந்தையை என் தோளில் போட்டுவிட்டு ஓடுவாள். கேட் மூடுகிற வரைக்கும் நின்றுவிட்டு, புடவையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு வந்து நிற்பேன்.